முகாமுக்குப் போய் வந்தால் பிள்ளையின் குணம் மாறுமா?

முதுகலை ஆய்வுக்காக, வெளிப்புற அனுபவக் கல்வி (முகாம், மலையேற்றம் வழியாகக் கற்பது) வெவ்வேறு பண்பாட்டுப் பிள்ளைகளின் குணநலனை எப்படி வளர்க்கிறது என்று பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவின் பினாங்கில் மலாய், சீன, தமிழ் மாணவர்கள் கலந்து போகும் மூன்று முகாம்களில் கேள்வித்தாள் கொடுத்து மூன்று இனங்களையும் ஒப்பிட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஆய்வு முறையைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் அதன் அடியில் வேறு இரண்டு கேள்விகள் கிடக்கின்றன. காட்டுக்கும் கடலுக்கும் கூட்டிப் போனால் பிள்ளை உண்மையிலேயே மாறுகிறதா? மாறுகிறது என்றால், வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகச் செய்த ஏற்பாடு நம் பிள்ளைகளிடமும் அதே வழியில்தான் வேலை செய்கிறதா? இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால்தான் உங்கள் கேள்வித்தாளைப் பற்றிப் பேச முடியும்.

நான் பினாங்குத் தீவில் இடைநிலைப்பள்ளி ஆசிரியர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாரணர் பொறுப்பு என் தலையில். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்கும் கொடிமலைக்கும் (பினாங்கு ஹில்) எத்தனை முறை பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பேன் என்று எண்ணவில்லை. பகுதிநேரமாக முதுகலை படித்தபோது நீங்கள் செய்யப் போவதையே நானும் செய்தேன், தப்பாகச் செய்தேன். பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் இரண்டு இரவு தங்கினோம். கடைசி இரவு கேம்ப்ஃபயர், பாட்டு, கட்டிப்பிடித்து அழுகை எல்லாம் முடிந்தது. மறுநாள் காலை புறப்படுவதற்கு முன் கேள்வித்தாளை நீட்டினேன். ‘என்னால் எதையும் சமாளிக்க முடியும்’, ‘நான் பொறுப்பானவன்’ என்று வரிசையாக இருபது வாக்கியங்கள். முக்கால்வாசிப் பேர் எல்லாவற்றுக்கும் 5-ஐ, அதாவது முழுச் சம்மதத்தை, வட்டமிட்டிருந்தார்கள். ஒருவன் வட்டத்துக்குப் பதில் இதயம் வரைந்திருந்தான். என் மேற்பார்வையாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் அளந்தது கேம்ப்ஃபயரை” என்றார். அப்போது கோபம் வந்தது. இப்போது நானே அதைத்தான் பிறரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, உறுதியாகத் தெரிந்ததை முதலில் வைத்துவிடுகிறேன். 1997-இல் ஜான் ஹேட்டி, ஹெர்பர்ட் மார்ஷ், ஜேம்ஸ் நீல், கேரி ரிச்சர்ட்ஸ் என்ற நால்வர் வெளிப்புறச் சாகசப் பயிற்சிகளைப் பற்றிய 96 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 12,000-க்கும் மேல். பயிற்சி முடிந்ததும் அளந்த விளைவின் அளவு 0.34. இதற்கு என்ன பொருள் என்றால், நூறு பேரைத் தாழ்விலிருந்து உயர்வாக வரிசையில் நிறுத்தினால் 50-ஆவது இடத்தில் நின்ற பிள்ளை ஏறத்தாழ 63-ஆவது இடத்துக்கு நகர்கிறது. பெரிய பாய்ச்சல் என்று சொல்ல முடியாது, ஒன்றுமில்லை என்றும் தள்ள முடியாது. ஆச்சரியம் அதற்குப் பிறகு வருகிறது. வகுப்பறையில் நாம் செய்யும் புதுமைகளின் பலன் பொதுவாக நாள்பட நாள்படக் கரைந்துவிடும். இங்கே நாள் கழித்து அளந்தபோது இன்னும் 0.17 கூடியிருந்தது. ஆகவே ஏதோ நடக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கணக்குக்குள்ளேயே திட்டத்துக்குத் திட்டம் வித்தியாசம் பெரிது. 20 நாளைத் தாண்டிய பயிற்சிகளில் விளைவு கூடுதல். பெரியவர்களிடம் பள்ளிப் பிள்ளைகளைவிடக் கூடுதல். ஆஸ்திரேலியத் திட்டங்களில் மற்ற இடங்களைவிடக் கூடுதல். நம் பள்ளி முகாம் என்பது மூன்று பகல், இரண்டு இரவு, நடுவில் மழை பெய்தால் ஒன்றரைப் பகல். மூன்று வாரம் மலையில் கிடந்தவர்களின் எண்ணை எடுத்து வந்து நம் முகாம் அறிக்கையில் ஒட்டுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசும் நாடுகளில் நடந்தவை, பங்கேற்றவர் தன்னைப் பற்றித் தானே சொன்னதை நம்பியவை. நான் கெராச்சுட்டில் வாங்கிய 5-களின் அண்ணன் தம்பிகளும் அதற்குள் இருக்கத்தான் செய்வார்கள்.

சந்தேகம் ‘குணம்’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. இந்தத் துறையில் அதிகம் புழங்கும் கேள்வித்தாள்களில் ஒன்றை மேலே சொன்ன நீல்தான் உருவாக்கினார். 24 வாக்கியங்கள், 8 கூறுகள்: நேர மேலாண்மை, பிறரோடு பழகும் திறன், சாதிக்கும் ஊக்கம், புதிய கருத்தை ஏற்கும் மனம், பணியில் தலைமை, உணர்ச்சிக் கட்டுப்பாடு, முன்முயற்சி, தன்னம்பிக்கை. எல்லாம் நல்லவைதான். ஆனால் இதில் நேர்மை எங்கே, இரக்கம் எங்கே? இந்த எட்டிலும் முழு மதிப்பெண் வாங்கும் ஒரு மோசடிக்காரனை என்னால் எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறது. உங்கள் ஆய்வில் இந்த மாதிரி கருவியைப் பயன்படுத்தினால் ‘செயல்திறன் வளர்ந்தது’ என்று எழுதலாம். ‘குணநலன் வளர்ந்தது’ என்று எழுதினால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

இதற்கும் அடியில் ஒரு பழைய சண்டை உண்டு. 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 10,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லவும் ஏமாற்றவும் விதவிதமான வாய்ப்புகளை உண்டாக்கிப் பார்த்தார்கள். கணக்குத் தேர்வில் காப்பியடித்த பிள்ளை விளையாட்டில் ஏமாற்றவில்லை. விளையாட்டில் ஏமாற்றிய பிள்ளை பணத்தைத் தொடவில்லை. ‘நேர்மையான பிள்ளை’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாதபடி இடத்துக்கு இடம் நடத்தை மாறியது. 2003-இல் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ புரூக்ஸ் இந்த வாதத்தை எடுத்து முகாம்காரர்கள் பக்கம் திருப்பினார். முகாமில் பிள்ளை நன்றாக நடந்துகொண்டால் நாம் ‘குணம் வளர்ந்துவிட்டது’ என்கிறோம். உண்மையில் அந்த இடமும் அந்தக் கூட்டமும் அப்படி நடக்க வைத்திருக்கலாம், இடம் மாறினால் நடத்தையும் மாறலாம் என்றார். எனக்குப் பிடிக்காத வாதம், ஆனால் தள்ள முடியாத வாதம். அதை நான் தட்டு கழுவும் பையனிடம் பார்த்தேன்.

படிவம் இரண்டு மாணவன். எங்கள் முகாமில் அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், சமையல் குழு சட்டியையும் சேர்த்துக் கழுவ வேண்டும். முதல் நாள் சார்டின் குழம்பு ஒட்டிய தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்படிக் கழுவுவது என்றே தெரியவில்லை. விரல் நுனியால் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த சீனப் பையன் ஒரு பிடி மணலை அள்ளி அவன் தட்டில் போட்டுத் தேய்த்துக் காட்டினான். இரண்டாம் நாள் இரவு பார்த்தால், இவனே சட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அடிக்கரி போகும் வரை தேய்த்துக்கொண்டிருக்கிறான். எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று வாரம் கழித்து அவன் அம்மாவை ஆயர் ஈத்தாம் சந்தையில் பார்த்தேன். “சார், முகாம்லேர்ந்து வந்து ஒரு வாரம் அவன் தட்ட அவனே கழுவுனான் சார். எங்க மாமியாருதான், ஆம்பளப் பிள்ள எதுக்குடா சிங்க்ல நிக்கிறனு சொல்லிட்டாங்க. அப்புறம் விட்டுட்டான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா என்னோட தட்ட மட்டும் கழுவுறான் சார், பாட்டி தூங்குனப்புறம்” என்று சேர்த்துக்கொண்டார். என் கேள்வித்தாளில் இதற்கு எந்தக் கட்டம் இருந்தது?

பண்பாடு ஆய்வுக்குள் நுழையும் வாசல் இதுதான் என்பது என் கருத்து. விண்ணப்பப் படிவத்தில் ‘இனம்’ என்று இருக்கும் பெட்டியைப் பண்பாடு என்று எடுத்துக்கொள்வது நம் நாட்டு ஆய்வுகளின் பழைய வியாதி. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த தோட்டத்துக் குடும்பப் பிள்ளைக்கும், ஜார்ஜ்டவுனில் ஆங்கிலம் பேசும் வழக்கறிஞர் வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கும் படிவத்தில் ஒரே பெட்டி. பாட்டி என்ன சொன்னார், அம்மா என்ன சொன்னார், ஆண்பிள்ளைக்கு எது கௌரவம், எது வெட்கம் என்ற இடங்களில்தான் முகாமில் கிடைத்தது வீட்டுக்குள் போகிறது, அல்லது வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இந்த ஏற்பாடே எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. குர்ட் ஹான் ஜெர்மானியர். 1920-இல் சாலெம் பள்ளியைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். ஹிட்லரை எதிர்த்ததால் 1933-இல் நாட்டை விட்டு வெளியேறினார். 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். போர்க்காலத்தில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, உயிர்காப்புப் படகில் இள வயது மாலுமிகள் மனம் தளர்ந்துவிடுகிறார்கள், அனுபவப்பட்ட கிழவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட்டுக்கு ஒரு கவலை. இருவரும் சேர்ந்து 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் தொடங்கியதுதான் அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறப் பயிற்சிப் பள்ளி. கிழவர்கள் பிழைத்த கதையை எல்லாப் பயிற்றுநர்களும் சொல்வார்கள், நானும் சொல்வேன். அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக்கு அது 1954-இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கிய அவசரகாலத்தின் நடுவில், பேராக்கின் லூமுட்டுக்கு வந்தது. ஆக, போர்க்கால பிரிட்டனில் பிறந்து, காலனி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் இங்கே நடப்பட்ட செடி. 2004-இல் தேசிய சேவைப் பயிற்சி 18 வயதுப் பிள்ளைகளை மூன்று மாதம் முகாமில் வைத்தது, 2018-இல் கைவிடப்பட்டது, 2025-இல் 45 நாளாகச் சுருங்கித் திரும்பி வந்திருக்கிறது. பக்கத்தில் சிங்கப்பூரில் உயர்நிலை மூன்று மாணவர்களை ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், பல பள்ளிப் பிள்ளைகளைக் கலந்து. அங்கே முதன்மையான நோக்கங்களில் ஒன்று கலப்பதுதான். நார்வேக்காரர்களைப் பாருங்கள். வெளியில் போய் இருப்பதை அவர்கள் ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ் என்று வாழ்க்கை முறையாகவே வைத்திருக்கிறார்கள். யாருடைய காட்டிலும் நடக்கும் உரிமையை 1957-இல் சட்டமாக்கினார்கள். அங்கே காட்டுக்குப் போவது வீட்டின் தொடர்ச்சி. நம்மில் பலருக்குக் காடு என்றால் ரப்பர் தோட்டத்து வேலை, அட்டைக்கடி, தாத்தா தப்பித்து வந்த இடம். ஒரு முகாம் ஒப்புதல் கூட்டத்தில் ஒரு தாத்தா, “நாங்க காட்டுல கிடந்தது போதாதா, காசு கட்டி வேற அனுப்பணுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை எந்தக் கையேடும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து, சொல். உங்கள் கேள்வித்தாளை மொழிபெயர்க்கப் போகிறீர்கள். தமிழில் குணம், ஒழுக்கம், பண்பு மூன்றும் ஒன்று இல்லை. குணம் என்றால் நம் வீட்டில் பாதி நேரம் பிறவிக்குணம். ‘அவன் குணம் அப்படி’ என்றால் மாறாது என்று பொருள். ஒழுக்கம் பிறர் பார்க்க நடந்துகொள்வது. பண்பு பண்படுத்தி வருவது, நிலத்தை உழுவது மாதிரி. திருக்குறளே ஒழுக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம், பண்புடைமைக்கு வேறோர் அதிகாரம் வைத்திருக்கிறது. மலாயில் பள்ளி அறிக்கைகள் ‘சாசியா’ (ஆளுமை) என்கின்றன, முகாம் பேனர்கள் ‘ஜாத்தி டிரி’ (தன் அடையாளம்) என்கின்றன, சமயம் படித்த பிள்ளை ‘அக்லாக்’ (சமயம் சொல்லும் நல்லொழுக்கம்) என்று புரிந்துகொள்ளும். நீங்கள் எந்தச் சொல்லைப் போடுகிறீர்களோ, பெற்றோர் அதற்குத்தான் பதில் சொல்வார்கள். இன்னொரு வலை, ‘நான் நல்ல தலைவன்’ போன்ற வாக்கியம். ஓர் அமெரிக்கப் பிள்ளைக்கு அதில் உடன்படுவது சாதாரணம். என் மாணவி ஒருத்தி 2-ஐ வட்டமிட்டிருந்தாள். நாற்பது பேரைப் படகில் ஏற்றி இறக்கியவள் அவள்தான். ஏன் என்று கேட்டால், “நானே சொன்னா பெருமை அடிச்ச மாதிரி இருக்கும் சார்” என்றாள். அதற்கு மேல், எல்லாரும் தன்னைச் சுற்றி இருப்பவர்களோடு ஒப்பிட்டுத்தான் தன்னை அளக்கிறார்கள். பொறுப்பான அக்காமார் நடுவில் வளர்ந்தவள் தனக்குக் குறைத்தே போடுவாள். உளவியலாளர் ஸ்டீவன் ஹைனும் உடனிருந்தவர்களும் 2002-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். பண்பாடுகளுக்கிடையே சராசரியை ஒப்பிடுவதில் பெரிய ஓட்டை இது.

முகாமுக்கு நடுவில் நாம் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, “எப்படி உணர்ந்தீர்கள், உங்களைப் பற்றி என்ன கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்பது உண்டல்லவா, அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கருத்து உண்டு. அனுபவம் அப்படியே படிப்பாகாது, அதைத் திரும்பிப் பார்த்தால்தான் படிப்பாகும் என்பது இந்தத் துறையின் அடிப்படை. கல்வி ஆய்வாளர் டேவிட் கோல்ப் 1984-இல் அதை ஒரு சுழற்சியாக வரைந்தார். எங்கள் வட்டத்தில் கிடைக்கும் பதில், “நல்லா இருந்துச்சு சார்”. அடுத்தவனும் அதேதான். இளம் ஃபாசிகள் (முகாம் வழிநடத்துநர்கள்) இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சிந்தனை ஆழம் இல்லை என்று குறிப்பு எழுதுவார்கள். அதே பிள்ளைகள் இரவு கூடாரத்துக்குள், விளக்கை அணைத்த பிறகு, ஒருத்தனை ஒருத்தன் கிண்டல் செய்துகொண்டே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவார்கள். பெரியவர் முன்னால், அந்நியர் முன்னால், தன் மனசைத் தனியாக எடுத்து வைப்பது அவர்கள் வீட்டில் பழக்கமில்லை.

நம்மிடம் உடல் வருத்தி மனம் திடப்படுத்தும் வழக்கம் இல்லாமலும் இல்லை. பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிறவரைப் பாருங்கள். வாரக்கணக்கில் விரதம், பிறகு நாள் முழுக்க வெயிலில் நடை, கடைசியில் 500-க்கும் மேற்பட்ட படிகள். அவர் தன்னைக் கண்டுபிடிக்கப் போகவில்லை. மகளுக்கு உடம்பு தேறினால் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு போகிறார். பொருள் முன்னாலேயே இருக்கிறது, கஷ்டம் பிறகு வருகிறது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், கூடவே அண்ணன் தம்பி, மச்சான். முகாமில் இது தலைகீழ். முதலில் கஷ்டம், பிறகு வட்டத்தில் உட்கார்ந்து பொருளைத் தேடு என்கிறோம். காவடியையும் முகாமையும் சமன்படுத்தி நான் எதையும் நிரூபிக்க வரவில்லை, இது என் ஊகம். ஆனால் ஒரு முறை கொடிமலை ஏற்றத்தில், யாருக்காக ஏறுகிறாய் என்று ஏறுவதற்கு முன்பே ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொன்னேன். அன்று வட்டத்தில் பேச்சு நிற்கவில்லை. ஒரு முறை நடந்தது சான்றாகாது. உங்களைப் போன்ற ஒருவர் ஒழுங்காகச் செய்து பார்க்கத் தகுந்தது என்று மட்டும் சொல்வேன்.

இனி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். மூன்று இனச் சராசரியை ஒப்பிடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரே வாக்கியத்தை மூன்று குழுவும் ஒரே பொருளில் எடுத்துக்கொள்கின்றன என்று காட்டவே நூற்றுக்கணக்கான பேர் வேண்டும். உங்களிடம் மூன்று முகாம்தான். அதில் 120 பேர் இருந்தாலும், ஒரே கூடாரத்தில் கிடந்து ஒரே ஃபாசியிடம் திட்டு வாங்கியவர்கள் 120 தனித்தனி ஆட்கள் ஆகமாட்டார்கள். அதற்குப் பதில் கேள்வியைச் சுருக்குங்கள். முகாமில் பழகிய ஒரு நடத்தை, அது தட்டு கழுவுவதாகவே இருக்கட்டும், வீட்டில் எத்தனை நாள் பிழைக்கிறது, யார் அதைத் தாங்குகிறார், யார் நிறுத்துகிறார்? முகாமுக்கு இரண்டு வாரம் முன், முடிந்து ஒரு மாதம், பிறகு ஆறு மாதம் என்று மூன்று முறை பாருங்கள். கடைசி நாள் காலையில் மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளையிடம் மட்டும் கேட்காமல் அம்மாவிடமும் வகுப்பாசிரியரிடமும் கேளுங்கள். அடுத்த தவணையில் முகாமுக்குப் போகவிருக்கும் வகுப்பை ஒப்பீட்டுக் குழுவாக வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்கும் அநியாயமில்லை. கேள்வித்தாளைத் தமிழிலிருந்து வேறொருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றட்டும். அதோடு ஐந்தாறு பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து அதற்கு என்ன பொருள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இந்த ஒரு மதிய வேளை உங்களுக்கு ஒரு வருடத்தை மிச்சப்படுத்தும். சொந்த மாணவர்களிடம் நீங்களே கேட்காதீர்கள், சாருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். பள்ளியில் ஆய்வு என்றால் கல்வி அமைச்சின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் இரண்டும் முன்கூட்டியே வேண்டும்.

நான் சொன்னதெல்லாம் பினாங்கு நகரப் பிள்ளைகளை வைத்து. சபா, சரவாக் பிள்ளைகளிடமோ, காட்டிலேயே வளரும் பூர்வகுடிப் பிள்ளைகளிடமோ நான் முகாம் நடத்தியதில்லை, அங்கே இது முழுக்க வேறாக இருக்கலாம். பெண்பிள்ளைகள் முகாமுக்கு வராமல் போவதற்கான காரணங்களும் என் கையில் முழுதாக இல்லை. அவர்கள் அம்மாக்கள் என்னிடம் சொல்வதும் பெண் ஆசிரியையிடம் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை, அதற்கு ஒரு துணை ஆய்வாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிக்கும்போது இரண்டை மட்டும் பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை விடாது. தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களிலும் வைக்காதீர்கள். தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள், பெட்டி பெட்டியாகத் தூக்கிப் போன சார்டின் டின் அப்படியே திரும்பி வரும்.